மூன்று கிராணி சம்பளம்

ஆமாம், நான்தான் சொன்னேன். ஆயிரத்து இருநூறு வெள்ளி. உன் அப்பா சொல்லவில்லை. உன் பேராசிரியர்கள் சொல்லவில்லை. எந்தக் கம்பெனியும் சொல்லவில்லை. உன் பட்டமளிப்பு முடிந்த மறு ஞாயிறு கோயில் மண்டபத்தில் நாற்பது பேருக்குச் சோறு போட்டோமே, அன்றுதான். பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா கையில் பாயச டம்ளரோடு கேட்டார். "தம்பிக்கு மாசம் எவ்ளோலா கெடைக்கும்?" நான் யோசிக்கவில்லை. எண் வாயில் தயாராக இருந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். பந்தி முடிவதற்குள் அது உன் சம்பளம் ஆகிவிட்டது. நீ தண்ணீர்க் கூஜாவோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாய். உன் காதிலும் விழுந்தது. என்னைப் பார்த்தாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். உன் சிரிப்பை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். அது கூச்சம் என்று இப்போது தெரிகிறது.

போன வாரம் நீ கேட்டாய். கோபமாகக்கூட இல்லை. "அந்தக் கணக்க எங்கேருந்தும்மா புடிச்சீங்க?" நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ காத்திருந்தாய். பிறகு அறைக்குப் போய்விட்டாய். கதவைச் சாத்தும் சத்தம்கூட வரவில்லை. சத்தம் வராமல் சாத்த நீ எப்போது பழகினாய் என்று யோசித்தேன். வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். எழுதியதை ஒரு பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பலாம் என்றும் இருக்கிறேன், பெயர் போடாமல். நாற்பது பேருக்கு முன்னால் சொன்னதை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருப்பி எடுத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. இந்த ஈப்போவில் உன்னைப் போல் அறைக்குள் இருக்கும் பிள்ளைகளும், என்னைப் போல் வாய்விட்ட தாய்மார்களும் இன்னும் இருப்பார்கள். ஆனால் முதலில் நீதான் படிக்க வேண்டும். நீ வேண்டாம் என்றால் அனுப்ப மாட்டேன்.

அந்தப் பந்தி முடிந்து பதினொரு மாதம். நீ எந்த நேரத்தில் வெளியே போகிறாய் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆலைக்குப் போன பிறகு, பள்ளிப் பிள்ளைகள் திரும்புவதற்கு முன். இடையில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் தெரு உன்னுடையது. ஜன்னலை மூடியே வைக்கிறாய். புழுக்கமாக இல்லையா என்று கேட்டால் தூசி வருகிறது என்கிறாய். திங்கட்கிழமை தோறும் ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுத் தொங்கவிடுகிறாய். சனிக்கிழமை அதே மடிப்போடு எடுத்துப் பெட்டியில் வைக்கிறாய். நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். பஸ் நிறுத்தத்துக்கு நேர் வழி ராசாத்தி அக்கா வீட்டைத் தாண்டிப் போகிறது. நான் வாய்க்காலைச் சுற்றிப் போகிறேன். பத்து நிமிடம் கூடுதல். யாராவது எதிரில் வந்து "தம்பி எங்க வேல?" என்று கேட்டால், "கூப்புட்டிருக்காங்க, போலாமா வேணாமான்னு பாக்குறான்" என்பேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை. வேலை உன்னைத் தேடி வருவதாகவும் நீ யோசிப்பதாகவும் ஒரு மகனைத் தெருவில் நடமாட விட்டிருக்கிறேன். அவன் நன்றாக இருக்கிறான். அவனுக்கு இடம் கொடுப்பதற்காக நீ உள்ளே இருக்கிறாய்.

எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். சுங்காய் ஊருக்கு அப்பால் நம் பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது.

உனக்குப் பெரட்டு நினைவிருக்கும், விடிவதற்கு முன் எல்லாரும் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் அந்தக் கூட்டம். ஆனால் பெயர் எப்படி விழும் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. ஒரு நாள் வேலையை முழுதாக ஏற்றுக்கொண்டால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தன் புத்தகத்தில் முழுப் பேர் போடுவார். குறை என்றால் அரைப் பேர். எவ்வளவு கூலி என்று யாரும் கேட்டதில்லை. கூலி கேட்கும் பொருள் அல்ல, சொல்லப்படும் பொருள். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள். என் நிரையில் மரங்களை எல்லாம் சீவி முடித்துவிட்டேன். மரத்தில் கட்டிய மங்குகளில் பால் இறங்கத் தொடங்கிய நேரத்தில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. பால் மழைநீரோடு வழிந்து மரத்தடியில் வெள்ளையாக ஓடியது. நனைந்தபடி வந்து வரிசையில் நின்றேன். கிராணி குடைக்குள் நின்றிருந்தார்.

"பாலு எங்க?"

"மழையில போச்சுங்க."

"பாலு இல்லன்னா பேரும் இல்ல."

"மரமெல்லாம் சீவிட்டேனுங்களே. அரைப் பேராச்சும் போடுங்க."

"மரத்துக்கிட்டப் போயி கேளு. அது போட்டா நானும் போடறேன்."

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் மறுநாள் எந்த நிரைக்கு அனுப்புவார் என்று தெரியும். லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குள் ஓடியது ஒன்றுதான். இந்த மனிதருக்கு மழை பெய்தாலும் சம்பளம் குறையாது. மாதம் நானூறு. அவர் மனைவி துணி துவைக்கக் கூப்பிட்ட ஒரு நாள் அந்த அம்மாவே சொன்னது. எனக்குத் தெரிந்த உலகத்தில் அதைவிடப் பெரிய சம்பளம் இல்லை. தோட்டத்தை நடத்தும் துரைக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அது சம்பளமே அல்ல, வானிலை மாதிரி. கிராணியின் நானூறுதான் மனிதனால் தொடக்கூடிய உயரம். நீ எஸ்பிஎம் பரீட்சை பாஸ் செய்த அன்று, கிராணி அளவுக்கு வந்துவிட்டாய் என்று நினைத்தேன். ஆறாம் படிவம் முடித்தாய், இரண்டு கிராணி. பினாங்குக்குப் படிக்கப் போனாய், மூன்று. அப்படித்தான் வந்தது ஆயிரத்து இருநூறு. பொருளாதாரம் படித்தவனுக்குத் தாய் போட்ட கணக்கு.

உன் அப்பா அன்றே கேட்டார், மண்டபத்திலிருந்து நடந்து வரும்போது. நீ பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் பின்தங்கியிருந்தாய்.

"ஆயிரத்து எரநூறா? யாரு புள்ள சொன்னா?"

"படிச்சவனுக்குக் குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. யாரு குடுப்பாங்கன்னு கேட்டேன்."

"எவனாச்சும் குடுப்பான்."

"ஈய லம்பத்துல பம்ப நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. ஈயத்துக்கு வெல இல்ல. மொதலாளி தவுக்கே காருக்கு எண்ணெய் போடவே யோசிக்கிறான். நான் இப்ப எதுக்குக் காவல் இருக்கேன்னு எனக்கே தெரியல. தண்ணிக்கு ஜாகாவா இருக்கேன்."

அவர் ஓடாத சுரங்கத்துக்குக் காவல் இருப்பவர், அதனால் உலகமே ஓடவில்லை என்று நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்ததை நான் கேட்டிருக்க வேண்டும். அவர் ஒரு விஷயத்தை ஒரு முறைதான் சொல்வார். நான் அந்த ஒரு முறையை விட்டுவிட்டேன்.

அதன் பிறகு வேலை விண்ணப்பப் பாரங்கள் வந்தன. எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு சின்னக் கட்டம். எதிர்பார்க்கும் சம்பளம். எனக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் எந்தக் கட்டத்தின் முன்னால் உன் பேனா நிற்கிறது என்று தெரியும். மற்ற எல்லாவற்றையும் மளமளவென்று எழுதுவாய். அங்கே வந்து நிற்பாய். பிறகு அந்த நான்கு இலக்கங்களை எழுதுவாய். ஐந்தாவது பாரமோ ஆறாவதோ, பென்சிலால் அறுநூறு என்று எழுதியிருந்தாய். மேசையைத் துடைக்க வந்தவள் பார்த்துவிட்டேன். "என்னய்யா இது, அரைப் பேரா?" என்றேன்.

வேடிக்கையாகத்தான் கேட்டேன் என்று பல நாள் என்னிடமே சொல்லிக்கொண்டேன். இல்லை. கிராணி என்னிடம் பேசிய அதே தொனி. நீ தலையைத் தூக்கவில்லை. அழிப்பானை எடுத்தாய். துகளை ஊதிவிட்டு ஆயிரத்து இருநூறு என்று எழுதினாய், இந்த முறை பேனாவால். தோட்டத்து வார்த்தை உனக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன். உனக்கு எதுவும் மறக்கவில்லை.

பிறகு அந்த நேர்காணல். ஈப்போவின் பழைய ஊர்ப் பகுதியில் பம்புகளுக்கு உதிரிப் பாகங்கள் விற்கும் கம்பெனி. என்ன நடந்தது என்று நீ என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொன்னாய். அவர் எனக்குச் சொன்னார். அந்தக் கம்பெனித் தவுக்கே உன் சான்றிதழ்களை நன்றாகப் பார்த்தாராம். நல்ல மார்க் என்றாராம். எவ்வளவு வேண்டும் என்று மலாயில் கேட்டாராம். நீ சொன்னாய். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்தக் காசுக்கு நான் மூணு கிராணி வெச்சிக்குவேனே" என்றாராம்.

உன் அப்பா இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு என் கணக்கு தெரியாது. நான் கை கழுவப் போவதுபோல் பின்பக்கம் போய்விட்டேன். முன்பின் பார்த்திராத ஒருவர் என் தலைக்குள் இருந்த பெருக்கலைத் தலைகீழாக்கி உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். நீ அதை என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்திருக்கிறாய்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது.

அந்தக் கம்பெனியிலிருந்து உனக்கு ஒரு கடிதம் வந்தது. நேர்காணல் முடிந்து மூன்று வாரம் கழித்து. நீ வெளியே போயிருந்தாய், உன்னுடைய அந்த இரண்டு மணி நேரத்தில். எனக்கு அன்று ஆலையில் மதிய ஷிப்ட். தபால்காரரிடமிருந்து நான்தான் வாங்கினேன். பிரித்தேன். பிரிக்கக்கூடாது, பிரித்தேன். உனக்கு வந்த மறுப்புக் கடிதங்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரே பத்தி. அவற்றில் எண் இருக்காது. இதில் இருந்தது. ஆங்கிலம் தெரியாது, எண் தெரியும். நானூற்று எண்பது. கீழே ஒரு தேதி, அதற்குள் வரச் சொல்லி.

வாசலில் நின்றுகொண்டு அந்த எண்ணைப் பார்த்தேன். பிஸ்கட் ஆலையில் நான் டப்பாக்களுக்கு மூடி போடுகிறேன். ஓவர்டைம் சேர்த்தால் மாதம் முந்நூற்று எண்பது. பதினேழு வருடம் படித்தவனுக்கும் ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கும் நடுவில் நூறு வெள்ளி. அந்த நூறு வெள்ளிக்காகவா உன்னை வேறு பிள்ளைகளோடு விளையாட விடாமல் விளக்கின் முன்னால் உட்கார வைத்தேன். அந்த நூறு வெள்ளிக்காகவா உன் அப்பா தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்றபோது நான் மூட்டையைக் கட்டி லாரியில் ஏற்றினேன். இப்படி எல்லாம் ஓடியது. இவை நியாயமான கேள்விகள் என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஆனால் இவற்றை நான் யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று தெரியவில்லை. உன்னிடம் அல்ல. அதற்கு முந்தின நாள்தான் பஸ்ஸில் இரண்டு பெண்களிடம், உனக்குக் கோலாலம்பூரில் பெரிய இடத்தில் பேச்சு நடக்கிறது என்று சொல்லியிருந்தேன். கடிதத்தை மடித்தேன். அலமாரியில் என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். நீ வந்து, தபால் ஏதாவது வந்ததா என்று கேட்டாய். இல்லை என்றேன். நீ தலையசைத்துவிட்டு அறைக்குள் போனாய். அந்தத் தலையசைப்பை அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பார்த்தேன். நாலு மாதம்.

ஒரு வாரம் வைத்திருந்து கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தேதி தாண்டியது. தாண்டிய பிறகு கொடுப்பது வைத்திருப்பதைவிடக் கஷ்டமாகிவிட்டது. கம்பெனி பதிலே போடவில்லை என்று நீ நம்பினாய். எழுதிய எழுத்துக்குக்கூட மரியாதை இல்லை என்று அப்பாவிடம் ஒரு நாள் சொன்னாய். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உன்னை அந்த அறைக்குள் வைத்தது ஈய விலையும் காலமும்தான், அது உண்மை. ஆனால் வெளியே போக ஒரு கதவு இருந்தது. அதை நான் சேலைக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். நீ கேட்ட அன்றைக்கு மறுநாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு சீனப் பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கடிதத்தைக் காட்டினேன். அவள் தேதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்த் தவுக்கேயை அழைத்து வந்தாள். குள்ளமானவர், கையில்லாத பனியன், காதில் பென்சில். எனக்குத் தெரிந்த மலாயில் பேசினேன்.

"இது ஏப்ரல் மாசத்துக் கடிதம். நாலு மாசமாச்சு. நடந்தா வந்திச்சு?" என்றார் தவுக்கே.

"வந்திச்சு தவுக்கே. நான் ஒளிச்சு வெச்சிட்டேன்."

"ஏன்?"

"சம்பளம் கொறச்சலா இருந்திச்சு."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தட்டச்சுப் பெண் சத்தத்தை நிறுத்தியிருந்தாள்.

"அந்த எடத்துக்கு ஆள் வந்தாச்சு. நானூறுக்கு ஒத்துக்கிட்டான். அவனும் டிகிரிதான். பின்னால ஸ்டோர்ல சாமான் எண்ணுற வேல ஒண்ணு இருக்கு. முந்நூத்தி எண்பது. அதுக்கு மேல முடியாது, எனக்கும் யாவாரம் இல்ல. ஒன் மகன வரச் சொல்லு. நீ வராத. மகன் வரணும்."

முந்நூற்று எண்பது. என் சம்பளம். ஒரு காசு கூடவும் இல்லை, ஒரு காசு குறையவும் இல்லை. வெளியே வந்து கடை நிழலில் நின்றேன். நாலு மாதத்தில் நூறு வெள்ளி கரைந்திருந்தது. அதைக் கரைத்தது எந்தத் தவுக்கேயும் இல்லை.

இப்போது நான் உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடம். இப்படிப்பட்ட கடிதங்களில் தாய்மார்கள் இங்கேதான் புத்தி சொல்வார்கள். எனக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. போ என்று சொன்னால், என் குற்றத்தைக் கழுவ உன்னை ஸ்டோருக்கு அனுப்பியது போல் ஆகும். போகாதே என்று சொன்னால் பழைய பேச்சே. உனக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்க வேண்டும் என்று நீயே யோசித்துப் பார். படித்தவன் குறைந்த சம்பளத்துக்குத் தலையாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாங்கள் தலையாட்டித்தான் இங்கே வந்து நிற்கிறோம். கேட்கத் தெரியாத கூட்டத்தில் பிறந்தவள் நான், அதனால் கேட்கும்போது அளவு தெரியாமல் கேட்டேன். அதுவும் உன் வாயால் கேட்டேன். நீ கேள். விசாரித்துக் கேள். உன்னோடு படித்தவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள், இந்த ஊரில் எவ்வளவு, கோலாலம்பூரில் எவ்வளவு, எல்லாம் தெரிந்துகொண்டு கேள். அந்தக் கட்டத்தில் நீ எழுதும் எண் பென்சிலில் இருந்தாலும் பேனாவில் இருந்தாலும் நான் மேசையைத் துடைக்க வரமாட்டேன்.

இன்னொன்றும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். முந்நூற்று எண்பது என்று மேலே எழுதும்போது என் கை கூசியது. இன்னும் கூசுகிறது. நீ அந்த வேலைக்குப் போனால் முதல் மாதம் நான் தெருவில் எப்படி நடப்பேன் என்று ஒரு பக்கம் மனசு இப்போதும் யோசிக்கிறது. திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் முகத்தைப் பார்த்து முடிவு எடுக்காதே என்பதற்காகச் சொல்கிறேன். நீ சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துத்தான் செய்தாய். அதை நல்ல பிள்ளைக் குணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இதுவரை எழுதி மடித்து வைத்துவிட்டு, நேர் வழியாக ராசாத்தி அக்கா வீட்டுக்குப் போனேன். காலை எட்டு மணி. அவர் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு கிளிப்.

"அக்கா, தம்பிக்கு இன்னும் வேல கெடைக்கல. ஆயிரத்து எரநூறுன்னு நான் சொன்னது யாரும் சொல்லி இல்ல. நானா சொன்னது."

அவர் கிளிப்புகளை வாயிலிருந்து எடுத்தார். ஒரு கைலியை உதறினார்.

"தெரியும்லா. மண்டபத்துலயே தெரியும். எம்பொண்ணு புருசன் பேங்குல பத்து வருசமா இருக்காரு, அவருக்கே அவ்ளோ இல்ல."

"அப்பறம் ஏங்க்கா எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"நீ அவ்ளோ சந்தோசமா சொன்ன. வேற என்ன செய்ய?" என்றார். "சாப்புட்டியா? ஒக்காரு, தண்ணி குடி."

கொடிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, இந்த வரிகளைச் சேர்த்து, கம்பெனிக் கடிதத்தோடு வைத்து உன் கதவுக்கு முன்னால் வைத்திருக்கிறேன். ஆலைக்கு நேரமாகிவிட்டது. போய் வருகிறேன்.